ஐஇஎல்டிஎஸ் கட்டுரை: 6-இலேயே நிற்கும் பேண்டை 7-க்கு நகர்த்துவது எப்படி?

லிசனிங்கில் 8, ரீடிங்கில் 7.5, ஸ்பீக்கிங்கில் 7, ரைட்டிங்கில் மட்டும் 6. வெளிநாட்டில் படிக்க, வேலை பார்க்க, குடியேற எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதிய பலருடைய மதிப்பெண் பட்டியல் இப்படித்தான் இருக்கிறது. இந்த மதிப்பெண்ணுக்குத்தான் பேண்ட் என்று பெயர்; அதிகபட்சம் 9. இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய அந்நாட்டு நர்சிங் கவுன்சில் ரைட்டிங்கில் 6.5 கேட்கிறது, மற்ற மூன்றிலும் 7 கேட்கிறது. திறமையாளர்களைக் குடியேற்றும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்தில் மொழிக்கான புள்ளிகளை நன்றாக எடுக்க வேண்டுமானால் ரைட்டிங்கில் 7 வேண்டும். அரை பேண்ட் குறைந்ததால் வேலையும் விசாவும் தள்ளிப்போகின்றன. மறுபடி தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது.

இதைச் சரிசெய்ய எல்லாரும் முதலில் கையில் எடுப்பது கடினமான வார்த்தைகளின் பட்டியலைத்தான். அடுத்து, தினம் ஒரு புதுக் கட்டுரை எழுதத் தொடங்குவார்கள். இரண்டாலும் பெரிய பலன் வந்து நான் பார்த்ததில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லப் பழகியவர்களுக்கும், எழுதிய கட்டுரையையே திரும்பத் திருத்தி எழுதியவர்களுக்கும்தான் பேண்ட் நகர்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த இரண்டையும் பற்றியதுதான்.

முதல் படி: எதற்கு மதிப்பெண் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரைட்டிங் தேர்வு ஒரு மணி நேரம். பெரும்பாலும் உயர்கல்விக்காக எழுதும் அகாடமிக் பிரிவில் டாஸ்க் 1 என்பது வரைபடம் அல்லது அட்டவணையை விவரிப்பது. பெரும்பாலும் குடியேற்றத்துக்காக எழுதும் ஜெனரல் பிரிவில் கடிதம். குறைந்தது 150 வார்த்தை, சுமார் 20 நிமிடம். டாஸ்க் 2 இரு பிரிவுகளிலும் கட்டுரைதான். குறைந்தது 250 வார்த்தை, சுமார் 40 நிமிடம். டாஸ்க் 1-ஐவிட டாஸ்க் 2-க்கு இரு மடங்கு மதிப்பு. அதனால் கட்டுரையை முதலில் எழுதிவிட்டு டாஸ்க் 1-க்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. வரைபடத்தில் 30 நிமிடத்தைத் தொலைத்துவிட்டுக் கட்டுரையை அரைகுறையாக விடுவதுதான் பெரிய நஷ்டம்.

கட்டுரையை நான்கு அளவுகோல்களில் மதிப்பிடுகிறார்கள்: கேள்விக்குப் பதில் சொன்ன விதம், கருத்துகளின் ஓட்டமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் துல்லியமும். நான்குக்கும் சமமாக 25 சதவீதம். கவனியுங்கள்: வார்த்தைக்கும் இலக்கணத்துக்கும் பாதி என்றால், சிந்தனைக்கும் ஒழுங்குக்கும் மீதிப் பாதி. அந்த இரண்டாவது பாதியைப் பலர் தொடுவதே இல்லை.

ஒவ்வொரு பேண்டுக்கும் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற விவரம் தேர்வு நடத்துபவர்களின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 6, 7 ஆகிய இரண்டு வரிசைகளை மட்டும் அச்செடுத்து மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நாம் நினைப்பதுபோல் இல்லை. 6-இல் கருத்துகள் பொருத்தமாக இருக்கும், ஆனால் சில போதுமான அளவு வளர்க்கப்பட்டிருக்காது. இணைப்புச் சொற்கள் இருக்கும், ஆனால் இயந்திரத்தனமாக இருக்கும். 7-இல் எழுதுபவரின் நிலைப்பாடு முதலிலிருந்து கடைசிவரை தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மையக் கருத்து இருக்கும். பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வரும். அபூர்வமான வார்த்தைகளை அள்ளிக் கொட்ட வேண்டும் என்று அங்கே எங்கும் சொல்லவில்லை.

இரண்டாம் படி: கேள்வியை உடைத்துப் படியுங்கள்

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். தமிழில் தருகிறேன்:

"நகரங்களில் போக்குவரத்து நெரிசலைக் குறைக்க, அரசுகள் புதிய சாலைகள் போடுவதைவிடப் பொதுப் போக்குவரத்துக்கே பணம் செலவிட வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள். இதை நீங்கள் எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்?"

இதைப் பார்த்ததும் பெரும்பாலோர் கண்ணில் படுவது 'பொதுப் போக்குவரத்து' என்ற தலைப்பு மட்டும். உடனே காற்று மாசு, உடல்நலம், பெட்ரோல் விலை என்று தெரிந்ததெல்லாம் வந்து விழும். கேள்வி கேட்பதோ வேறு. இதில் நான்கு கட்டுப்பாடுகள் இருக்கின்றன: இடம் நகரம், நோக்கம் நெரிசலைக் குறைப்பது, பேச்சு அரசு செலவிடும் பணத்தைப் பற்றியது, இரண்டு செலவுகளுக்கு இடையே எது மேல் என்ற ஒப்பீடு. காற்று மாசைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும் நெரிசலோடு அதை முடிச்சுப் போடாவிட்டால் அது கேள்விக்கு வெளியே நிற்கும்.

"எந்த அளவுக்கு" என்பதையும் விட்டுவிடக்கூடாது. முழுதாக ஒப்புக்கொள்ளலாம், முழுதாக மறுக்கலாம், பெருமளவு ஒப்புக்கொண்டு ஒரு விதிவிலக்கு சொல்லலாம். மூன்றில் எதற்கும் தனி மதிப்பெண் கிடையாது. எதைச் சொன்னாலும் கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும். முன்னுரையில் ஒப்புக்கொண்டு, நடுவில் இரு தரப்பையும் சமமாகப் பேசி, முடிவுரையில் "இரண்டும் முக்கியம்" என்று முடிக்கிறவர்களுக்கு 7 கிடைப்பது கடினம்.

மற்ற கேள்வி வகைகளையும் சொல்லிவிடுகிறேன். இரு தரப்பையும் விவாதித்து உங்கள் கருத்தையும் சொல்லச் சொன்னால் மூன்று வேலை: இந்தத் தரப்பு, அந்தத் தரப்பு, உங்கள் கருத்து. மூன்றாவதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். நன்மைகள் தீமைகளைவிட அதிகமா என்று கேட்டால் பட்டியல் போட்டால் போதாது, எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். காரணமும் தீர்வும் கேட்டால், சொன்ன காரணத்துக்கே தீர்வு சொல்லுங்கள். நேரடியாக இரண்டு கேள்விகள் கேட்டால் ஒன்றுக்கு ஒரு பத்தி.

மூன்றாம் படி: எட்டு நிமிடம் பேனாவைத் தூக்காமல் யோசியுங்கள்

40 நிமிடத்தில் எட்டு நிமிடம் யோசனைக்கா என்று பதறுவார்கள். யோசிக்காமல் தொடங்கியவர்தான் நடுவில் நின்று யோசிக்கிறார், எழுதியதை அடிக்கிறார், நேரத்தை இழக்கிறார்.

திட்டம் போடும்போது தமிழில் யோசிக்கலாம். தயக்கமே வேண்டாம். கருத்து எந்த மொழியில் வந்தாலும் கருத்துதான். ஆனால் வாக்கியத்தைத் தமிழில் கட்டி ஆங்கிலத்துக்கு மாற்றாதீர்கள். அதனால் வரும் சிக்கலைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு கருத்துகள் போதும். ஐந்து கருத்துகளைத் தொட்டுவிட்டுப் போவதைவிட இரண்டை ஆழமாகச் சொல்வதற்குத்தான் மதிப்பெண். ஒவ்வொரு கருத்தையும் மூன்று கேள்விகளால் குடையுங்கள்: ஏன்? எப்படி நடக்கிறது? அதனால் என்ன ஆகிறது? நம் கேள்விக்கு இப்படி வரும்:

புதிய சாலையால் நெரிசல் நிரந்தரமாகக் குறையாது. ஏன்? சாலை அகலமானால் வண்டி எடுப்பது சுலபமாகிறது. எப்படி? அதுவரை ரயிலில் போனவரும் வண்டியை எடுக்கிறார். அதனால்? சில ஆண்டுகளில் அந்தச் சாலையும் நிரம்புகிறது.

பேருந்தும் ரயிலும் இடத்தை மிச்சப்படுத்துகின்றன. ஏன்? ஒரு பேருந்தில் ஐம்பது பேர் போகலாம், அது அடைக்கும் இடம் இரண்டு மூன்று கார்களின் இடம்தான். அதனால் அதே சாலையில் அதிகம் பேர் பயணிக்க முடிகிறது.

கட்டுரையின் முதுகெலும்பு இவ்வளவுதான்.

நான்காம் படி: பத்தியைக் கட்டுங்கள்

இதுதான் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம். கருத்தோட்டம் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு பத்திகளைத் தமிழிலேயே தருகிறேன். முதலாவது, 6-இல் நிற்கும் கட்டுரைகளில் வழக்கமாகப் பார்ப்பது:

"முதலாவதாக, பொதுப் போக்குவரத்தால் பல நன்மைகள் உண்டு. அது சுற்றுச்சூழலுக்கு நல்லது. மேலும், மக்களுக்குப் பணம் மிச்சமாகிறது. அதுமட்டுமின்றி, அரசு பேருந்துகளின் எண்ணிக்கையை அதிகரிக்க வேண்டும். உதாரணமாக, சிங்கப்பூரில் பொதுப் போக்குவரத்து மிகச் சிறப்பாக உள்ளது."

ஒவ்வொரு வாக்கியமும் உண்மைதான். ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை. நெரிசல் என்ற சொல்லே வரவில்லை. உதாரணம் எதையும் நிரூபிக்கவில்லை. "மேலும்", "அதுமட்டுமின்றி" என்று ஒட்டவைத்ததால் கோர்வை வந்துவிடாது. இரண்டாவது:

"புதிய சாலைகள் நெரிசலைச் சில காலத்துக்கே குறைக்கின்றன. பயணம் விரைவாவதைப் பார்த்ததும், அதுவரை ரயிலில் போன பலர் தங்கள் வண்டியை எடுக்கத் தொடங்குகிறார்கள். இந்தக் கூடுதல் வண்டிகள் சில ஆண்டுகளில் புதிய சாலையையும் நிரப்பிவிடுகின்றன. ரயிலுக்குச் செலவிடும் பணத்துக்கு இந்தக் கதி நேர்வதில்லை. தென்னிந்தியப் பெருநகரமான சென்னையில், தாம்பரத்திலிருந்து வரும் புறநகர் ரயில் பாதை, நகரின் முக்கியமான சாலை ஒன்றை ஒட்டியே செல்கிறது. அந்த ரயில்கள் இல்லாவிட்டால், காலையில் அவற்றில் போகும் அலுவலகப் பயணிகள் அனைவரும் அதே சாலைக்கு வந்துவிடுவார்கள்."

இதில் ஒரு கடினமான வார்த்தைகூட இல்லை. "முதலாவதாக" இல்லை. ஆனாலும் வாக்கியங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன: "இந்தக் கூடுதல் வண்டிகள்", "இந்தக் கதி", "அந்த ரயில்கள்". முந்தைய வாக்கியத்தில் சொன்னதைச் சுட்டிக்காட்டி அடுத்த வாக்கியம் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் "திஸ்", "தீஸ்", "சச்" ஆகிய சொற்களுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டு எழுதினால் இதே பிடிப்பு வரும். "ஃபர்தர்மோர்", "மோர்ஓவர்" என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் வைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

உதாரணம் எங்கிருந்து எடுப்பது? ஹார்வர்ட் ஆய்வு, 78 சதவீதம் என்று கற்பனையாக எழுதச் சொல்லித்தரும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொய் என்பது ஒரு பக்கம். அந்த வாக்கியம் எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே மாதிரி இருப்பதால் மனப்பாடம் என்பது உடனே தெரிந்துவிடும். நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களே கைவசம் ஏராளம். சட்டம் போட்டால் மக்கள் பழக்கம் மாறுமா என்ற கேள்விக்கு, 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது இருக்கிறது. 2019 ஜனவரியில் வந்த பிளாஸ்டிக் தடை இருக்கிறது. குழந்தைகளின் கல்வி, உணவு என்று வந்தால் மதிய உணவுத் திட்டமும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இருக்கின்றன. கட்டணமில்லாச் சேவைகள் பற்றிக் கேட்டால் 2021-இல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் வந்த கட்டணமில்லாப் பயணத்தைச் சொல்லலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1945 முதல் அங்கே நடைமுறையில் உள்ள இலவசக் கல்வி ஒன்றே பல கேள்விகளுக்குக் கைகொடுக்கும். கல்வி, சுற்றுச்சூழல், ஆரோக்கியம், தொழில்நுட்பம், வேலை, நகர வாழ்க்கை என்று தலைப்புக்கு இரண்டாக இப்படி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திருத்துபவர் நம் ஊரை அறியாதவராக இருக்கலாம். அதனால் அது என்ன என்று அரை வரியில் விளக்கிவிட்டு மேலே போங்கள்.

முன்னுரை, முடிவுரை

முன்னுரைக்கு இரண்டு வாக்கியம் போதும். கேள்வியின் பொருளை உங்கள் சொற்களில் ஒரு வாக்கியம், உங்கள் நிலைப்பாடு ஒரு வாக்கியம். "இன் திஸ் மாடர்ன் எரா ஆஃப் குளோபலைசேஷன்", "எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ்", "எ டபுள் எட்ஜ்ட் ஸ்வோர்ட்" ஆகியவற்றை இன்றோடு விட்டுவிடுங்கள். இவை இல்லாமல் கட்டுரை தொடங்க வராது என்று தோன்றினால், அந்த அளவுக்கு மனப்பாடம் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள்.

முடிவுரையில் புதுக் கருத்து எதுவும் வேண்டாம். எடுத்த நிலைப்பாட்டையும் அதற்கான இரண்டு காரணங்களையும் வேறு சொற்களில் ஒன்றிரண்டு வாக்கியங்களில் சொல்லி முடியுங்கள். நேரம் போய்விட்டால் ஒரே வாக்கியமாவது எழுதுங்கள். முடிவுரை இல்லாத கட்டுரையில் நிலைப்பாடு அந்தரத்தில் நிற்கும்.

மொத்தத்தில் நான்கு பத்திகள், 260 முதல் 290 வார்த்தைகள். 350 எழுதினால் கூடுதல் மதிப்பெண் இல்லை, கூடுதல் பிழைகள்தான். 250-க்குக் கீழே போனால் கருத்து வளரவில்லை என்று பேண்ட் குறையும்.

ஐந்தாம் படி: தமிழ் பேசுபவர்களுக்கே உரிய பிழைகளைப் பிடியுங்கள்

பொதுவான இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க நேரமில்லை. நம் தாய்மொழி ஆங்கிலத்துக்குள் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தமிழில் "பத்து புத்தகம் வாங்கினேன்" என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் பன்மை இல்லாமல் முடியாது. குறிப்பாக "ஒன் ஆஃப் த" என்று தொடங்கினால் அடுத்து வரும் பெயர்ச்சொல் பன்மைதான்: "ஒன் ஆஃப் த ரீசன்ஸ்". இதற்கு நேர் எதிராக, பன்மையே இல்லாத சொற்களுக்கு "ஸ்" சேர்த்துவிடுகிறோம். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், டிராஃபிக், ரிசர்ச் ஆகியவற்றை அப்படியே விடுங்கள்.

ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் "எ", "த" போன்ற சொற்களுக்குத் தமிழில் வேலையில்லை. அதனால் ஆங்கிலத்தில் ஒன்று விட்டுவிடுகிறோம், அல்லது எல்லா இடத்திலும் "த" போடுகிறோம். எளிய சோதனை ஒன்று: பொதுவாக எல்லா மாணவர்களையும் சொன்னால் "ஸ்டூடன்ட்ஸ்", முன்னால் எதுவும் வேண்டாம். குறிப்பிட்ட ஒரு கூட்டத்தைச் சொன்னால் "த ஸ்டூடன்ட்ஸ்". எண்ணக்கூடிய ஒருமைப் பெயர்ச்சொல் முன்னால் எதுவும் இல்லாமல் தனியாக நின்றால் பெரும்பாலும் அது பிழை.

"இருந்தாலும்" என்று தொடங்கி நடுவில் "ஆனால்" போடும் பேச்சு வழக்கம், ஆங்கிலத்தில் "ஆல்தோ" வாக்கியத்துக்குள் "பட்" ஆக வந்து உட்காரும். ஒன்று போதும். "டிஸ்கஸ் அபௌட்", "எம்ஃபசைஸ் ஆன்", "டிஸ்பைட் ஆஃப்" மூன்றிலும் பின்னால் வரும் சொல்லை வெட்டிவிடுங்கள். "-தான்" என்ற அழுத்தத்துக்காக வாக்கியக் கடைசியில் "ஒன்லி" போடுவதும், "அக்கார்டிங் டு மீ" என்று கருத்துச் சொல்வதும், "லாக்", "குரோர்" என்று எண்ணிக்கை எழுதுவதும் நம் ஊருக்குள் செல்லும், தேர்வுக்கு ஆகாது.

எல்லாவற்றையும்விடப் பெரியது வாக்கிய நீளம். தமிழில் "போய், பார்த்து, விசாரித்து, வாங்கி வந்தேன்" என்று வினையெச்சங்களைக் கோர்த்துக்கொண்டே போகலாம், கடைசி வினைமுற்று எல்லாவற்றையும் தாங்கும். அதையே ஆங்கிலத்தில் செய்தால் கமா போட்டுப் போட்டு நான்கு வாக்கியங்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒரு வாக்கியத்தில் இரண்டு கமாவுக்கு மேல் வந்தால் நின்று பாருங்கள்: முழுமையான வினை எத்தனை இருக்கிறது? இணைப்புச் சொல் இல்லாமல் இரண்டு முழு வாக்கியங்களைக் கமா மட்டும் சேர்த்திருந்தால் முற்றுப்புள்ளி வைத்துப் பிரியுங்கள்.

சொல்வளத்துக்கு ஒன்றுதான் சொல்வேன்: தனிச்சொல்லைப் படிக்காதீர்கள், அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்று படியுங்கள். போக்குவரத்து என்ற தலைப்புக்கு "ஹெவி டிராஃபிக்", "ஈஸ் கன்ஜெஷன்" (நெரிசலைக் குறைப்பது), "கம்யூட் டு ஒர்க்" என்று சொற்கூட்டுகள் உண்டு. "பிளெதோரா" (ஏராளம்) ஒன்றை மனப்பாடம் செய்து எல்லாக் கட்டுரையிலும் செருகுவதைவிட இவை பத்து தெரிந்தால் போதும்.

ஆறாம் படி: ஒரே கட்டுரையை மூன்று முறை எழுதுங்கள்

முதல் நாள் நேரம் வைத்து 40 நிமிடத்தில் எழுதுங்கள். அகராதியோ கூகுளோ கூடாது. எழுதி முடித்ததும் மூடி வைத்துவிடுங்கள்.

மறுநாள் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லையென்றால் பத்தியில் இரண்டு கருத்து இருக்கிறது. எழுத எதுவுமே தோன்றவில்லையென்றால் பத்தியில் கருத்தே இல்லை. ஓரத்து வாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள்; அவை கேள்விக்குப் பதிலாக இருக்கின்றனவா? இந்தச் சோதனைக்கு ஆசிரியர் தேவையில்லை, செலவும் இல்லை. பிறகு கட்டுரையை வாய்விட்டுப் படித்துப் பிழைகளைக் குறியுங்கள். அவற்றைத் தனி நோட்டில் வகை பிரித்து எழுதுங்கள். எல்லாருக்கும் மூன்று நான்கு பிழைகள்தான் திரும்பத் திரும்ப வரும். இனி ஒவ்வொரு கட்டுரையிலும் நீங்கள் தேட வேண்டியது அவற்றை மட்டும்தான். அன்றே கட்டுரையைத் திருத்தி எழுதுங்கள்.

நான்கைந்து நாள் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் அதே கேள்விக்கு மறுபடி நேரம் வைத்து எழுதுங்கள். திருத்தியது கைக்கு வந்துவிட்டதா என்பது இதில்தான் தெரியும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கட்டுரையைக் கொடுத்து மாற்றி எழுதித் தரச் சொல்லாதீர்கள். அது எழுதும், நீங்கள் கற்கமாட்டீர்கள். பிழை எந்த வாக்கியத்தில் என்று மட்டும் சொல், திருத்தாதே என்று கேட்டுப் பயன்படுத்தலாம். அது சொல்லும் பேண்டைப் பெரிதாக நம்பாதீர்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் ஒன்றிரண்டு கட்டுரைகளையாவது காட்டிவிடுவது நல்லது.

தேர்வு நாளில்

கம்ப்யூட்டரில் எழுதும்போது வார்த்தை எண்ணிக்கை திரையிலேயே தெரியும், எண்ண வேண்டியதில்லை. எழுத்துப்பிழையைக் காட்டித் தரும் வசதி இருக்காது. ஆகவே பயிற்சியின்போதும் அந்த வசதியை அணைத்துவிட்டு எழுதுங்கள். தட்டச்சு வேகம் குறைவாக இருந்தால் இப்போதிருந்தே தினமும் கொஞ்சம் பழகுங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தைத் திருத்தத்துக்கு ஒதுக்குங்கள். அப்போது கட்டுரையின் கருத்தை மாற்ற முயலாதீர்கள். உங்கள் நோட்டில் உள்ள அந்த மூன்று நான்கு பிழைகளை மட்டும், ஒரு முறைக்கு ஒரு பிழை என்று தேடுங்கள்: முதலில் பன்மை, அடுத்து "த", அடுத்து வினையின் காலம்.

முடிவு வந்து ரைட்டிங் மட்டும் குறைந்திருந்தால் இரண்டு வழிகள் உண்டு. மறுமதிப்பீட்டுக்கு ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்கலாம், மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் அந்த ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுதும் வசதியும் பல நாடுகளில் இருக்கிறது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகமோ கவுன்சிலோ குடியேற்ற அலுவலகமோ அப்படி ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதிய முடிவை ஏற்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.